ஒலியை வரைந்த பெண்மணி



வானொலியில் ஒரு நாடகம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு கிறீச்சிட்டுத் திறக்கிறது. வெளியே மழை கொட்டுகிறது. தொலைவில் இரயில் கூவிக்கொண்டு போகிறது. நாடகம் முடிந்ததும் எழுதியவர் பெயரை அறிவிப்பாளர் சொல்கிறார். நடித்தவர்கள் பெயரையும் சொல்கிறார். அந்த மழையைப் பெய்யவைத்தவர் யார்? இரயிலை ஓட்டியவர் யார்? ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை செய்த அவருடைய பெயர் பல வேளைகளில் நம் காதுக்கு எட்டுவதே இல்லை.

அப்படிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று சில நிமிடங்கள் பேசப் போகிறேன். அவர் பெயர் டாஃப்னி ஓரம். இங்கிலாந்து நாட்டவர். ஒலியைக் கையால் வரைய முடியும், வரைந்ததைக் காதால் கேட்க முடியும் என்று சொல்லி, அதற்கென ஒரு கருவியையும் கட்டிக் காட்டியவர்.

2011ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. மின்னணு இசையின் வரலாற்றைக் காட்டுவது அதன் நோக்கம். அதன் நடுநாயகமாக ஒரு விசித்திரமான பொருள் இருந்தது. ஓர் உலோகச் சட்டம். அதன் மேல், தறியில் பாவு நூல் ஓடுவதுபோல், பக்கம் பக்கமாகப் பத்துப் படச்சுருள்கள். அந்தச் சுருள்களில் கறுப்பு மையால் வரைந்த மேடு பள்ளங்கள், கோடுகள், சின்னச் சின்னக் கட்டங்கள். கடையில் வாங்கிய கருவி அன்று; வீட்டில் வைத்துக் கட்டியது என்பது பார்த்தவுடனே தெரியும். இதன் பெயர் ஓரமிக்ஸ். தம் பெயரையே அவர் அதற்கு வைத்தார்.

அந்தக் கருவி கண்காட்சியில் ஒலி எழுப்பவில்லை. முதுமையால் அது மிகவும் நலிந்துபோயிருந்தது. பழுதுபார்த்து ஓட்டினால் உள்ளதும் கெட்டுவிடும் என்பதால், இருந்தபடியே கண்ணாடிக்குள் வைத்தார்கள். அது எப்படி வேலை செய்தது என்பதைக் கணினியில் ஒரு மாதிரி செய்து காட்டினார்கள். வந்தவர்கள் அதில் தாங்களே கோடு வரைந்து ஒலி கேட்டுப் பார்க்கலாம். ஊமையாகிப்போன ஒரு கருவியைக் காண மக்கள் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

டாஃப்னி ஓரம் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வட்டாரத்தில் பிறந்தார். இசை படித்தார். இலண்டனில் உள்ள அரச இசைக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. எத்தனையோ பேர் ஏங்கும் இடம் அது. ஆனால் அந்த இடத்தை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1943இல் பி.பி.சி. வானொலியில் தொழில்நுட்பப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுகூட ஆகவில்லை.

அது போர்க்காலம். எந்த நேரத்தில் குண்டு விழும் என்று தெரியாது. இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடக்கும் கச்சேரிகள் நேரடியாக ஒலிபரப்பாகும். நடுவில் விமானத் தாக்குதல் வந்து கச்சேரி நின்றுவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அதே இசையின் இசைத்தட்டுகளைக் கச்சேரியோடு சேர்ந்தாற்போல் ஒருவர் சுழலவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேடையில் இசை அறுந்தால், அந்தக் கணமே தட்டில் உள்ள இசைக்கு மாற்றிவிட வேண்டும். கேட்பவருக்கு வேறுபாடு தெரியக்கூடாது. இளம் வயதில் ஓரம் பார்த்த வேலைகளில் இதுவும் ஒன்று. ஒரு காதில் உயிருள்ள இசை, மறு காதில் பதிவான இசை. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுப் பழகிய பெண் அவர்.

இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அவர் 1949இல் எழுதி முடித்த இசைப் படைப்பைப் பாருங்கள். அதன் பெயர் ஸ்டில் பாயிண்ட். ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். மேடையில் இரண்டு இசைக்குழுக்கள் வாசிக்கும். அவற்றோடு, முன்னதாகவே இசைத்தட்டில் பதிந்து வைத்த ஒலிகளும் சேரும். ஐந்து ஒலிவாங்கிகள் அந்த இசையை வாங்கும். எதிரொலி சேர்த்தும், ஒலியின் தன்மையை மாற்றியும் அங்கேயே, அப்போதே அது திரும்ப ஒலிக்கும். இன்று எந்த மேடையிலும் இது சாதாரணம். அன்று ஒலிநாடாவே பரவலாக வராத காலம். இதை எழுதியபோது ஓரத்துக்கு வயது 23.

பி.பி.சி. அந்தப் படைப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் உயிரோடு இருந்த காலத்தில் அது ஒருமுறைகூட மேடையேறவில்லை. இந்தப் படைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. பேச்சின் முடிவில் மீண்டும் இதற்கு வருவோம்.

ஐம்பதுகளில் ஒலிநாடா வந்தது. நாடாவை வெட்டலாம், ஒட்டலாம், திருப்பி ஓட்டலாம், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிரான்சிலும் ஜெர்மனியிலும் வானொலி நிலையங்களே இதற்கென்று ஆய்வுக்கூடங்கள் அமைத்துப் புதிய இசையை உருவாக்கிக்கொண்டிருந்தன. பி.பி.சி.யிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஓரம் விடாமல் கேட்டுவந்தார். பகலில் வேலை, இரவில் நிலையம் ஓய்ந்த பிறகு, வெவ்வேறு கூடங்களிலிருந்த நாடாப்பதிவுக் கருவிகளை ஓரிடத்துக்கு உருட்டி வந்து இணைத்துச் சோதனைகள் செய்வார். விடிவதற்குள் அவற்றை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவார். 1957இல் ஆம்ஃபிட்ரியன் 38 என்ற நாடகத்துக்கு இப்படித்தான் அவர் பின்னணி இசை அமைத்தார். முழுக்க முழுக்க மின்னணு ஒலியாலேயே அமைந்த பின்னணி இசை பி.பி.சி.யில் அதுதான் முதல் தடவை.

அதன் பலனாக, 1958இல் பி.பி.சி. ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற ஒலிக்கூடத்தைத் திறந்தது. டெஸ்மண்ட் பிரிஸ்கோ என்பவரோடு சேர்ந்து அதைத் தொடங்கியவர் ஓரம். அவர் பல ஆண்டுகள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஓராண்டு முடிவதற்குள், 1959இன் தொடக்கத்தில், அந்த வேலையை விட்டே அவர் விலகினார்!

ஏன்? இங்கே இரண்டு பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் கூடம் நாடகப் பிரிவின் தேவைக்காகப் பிறந்தது. நாடகத்துக்குப் பேய்க் காற்று வேண்டும். கனவுக் காட்சிக்கு ஏற்ற ஒலி வேண்டும். அதுவும் நாளை மாலைக்குள் வேண்டும். நிலையத்தின் பார்வையில் அது ஒரு பட்டறை. ஓரத்தின் பார்வையில் அது ஓர் இசைக்கூடம். 1958 அக்டோபரில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியின்போது, மற்ற நாட்டுக் கலைஞர்கள் மின்னணு இசையில் எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்று நேரில் கண்டு திரும்பினார். அதன் பிறகு பேய்க் காற்றோடு நின்றுவிட அவருக்கு மனம் வரவில்லை.

பெயர் சொல்லாத வழக்கமும் அங்கே இருந்தது. அந்தக் கூடத்தில் செய்த இசை, கூடத்தின் பெயரால்தான் அறிவிக்கப்படும். பின்னாளில் அங்கே வேலை செய்த டெலியா டெர்பிஷயர் என்ற இன்னொரு பெண்மணி, 1963இல் தொடங்கிய டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசைக்கு மின்னணு ஒலியால் உருக்கொடுத்தவர். இசையை எழுதிய ரான் கிரெய்னரின் பெயர் திரையில் வந்தது. டெர்பிஷயரின் பெயர் 2013இல்தான், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், அந்தத் தொடரின் திரையில் வந்தது.

வேலையை விட்ட ஓரம் கெண்ட் வட்டாரத்துக்குப் போனார். அங்கே டவர் ஃபாலி என்ற வீடு. முன்பு பீர் வடிக்க உதவும் ஹாப் பூவை உலர்த்தும் சூளையாக இருந்த கட்டடம் அது. அதையே வீடாகவும் ஒலிக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டார். பிழைப்புக்கு விளம்பரங்கள், திரைப்படங்கள், பள்ளிக் குழந்தைகளின் அசைவுப் பயிற்சிக்கான இசைத்தட்டு என்று பலவும் செய்தார். 1961இல் வெளிவந்த தி இன்னசென்ட்ஸ் என்ற புகழ்பெற்ற திகில் படத்தில் நெஞ்சை உலுக்கும் மின்னணு ஒலிகள் அவர் தந்தவை. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1965இல் காமன்வெல்த் நாடுகளின் கலைச் செல்வங்களை இலண்டனில் காட்சிக்கு வைத்தபோது, அதற்கான ஒலிப்படைப்பையும் அவரே செய்து கொடுத்தார்.

ஆனால் அவர் மனம் முழுவதும் ஒரே ஒரு கருவியின் மேல் இருந்தது. 1962இல் குல்பெங்கியன் அறக்கட்டளை அவருக்கு 3,550 பவுன் உதவித்தொகை வழங்கியது. 1965இல் இன்னொரு தொகையும் கிடைத்தது. ஓரமிக்ஸ் கருவி உருவாகத் தொடங்கியது. கிரஹாம் ரெஞ்ச் என்ற பொறியாளர் அதைக் கட்டுவதில் அவருக்குத் துணை நின்றார்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்தது? அதைப் புரிந்துகொள்ள, பழைய திரையரங்கு ஒன்றுக்குப் போவோம். படச்சுருளின் ஓரத்தில், படங்களுக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய பட்டை ஓடும். அதுதான் ஒலிப்பட்டை. அதில் கறுப்பும் வெளிச்சமுமாக மேடு பள்ளங்கள் இருக்கும். விளக்கின் ஒளி அதன் வழியே ஊடுருவும்போது கூடியும் குறைந்தும் வரும். அந்த ஒளி ஒளிமின்கலத்தின்மேல் பட்டு மின்சாரமாகும். மின்சாரம் ஒலிபெருக்கியில் ஒலியாகும். நாம் திரையரங்கில் கேட்டு மகிழ்ந்த பாட்டெல்லாம் ஒரு காலத்தில் இப்படி ஒளியாக ஓடி வந்தவைதான்.

ஓரம் கேட்ட கேள்வி இதுதான்: அந்தப் பட்டையில் ஒலிவாங்கி பதித்ததைத்தான் கேட்க வேண்டுமா? என் கையால் நான் வரைந்தால் என்ன?

இந்த எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியதுண்டு. ரஷ்யாவில் 1930ஆம் ஆண்டு வாக்கிலேயே ஒலிப்பட்டையில் வரைந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். கனடாவில் நார்மன் மெக்லாரன் என்ற திரைக்கலைஞர் அப்படி வரைந்த ஒலியோடு படங்களே எடுத்தார். ஓரத்தின் புதுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒலியை அவர் கூறு கூறாகப் பிரித்தார். ஒரு கண்ணாடித் தகட்டில் ஒலி அலையின் வடிவத்தை வரைவார். குழலின் குரலா, வீணையின் குரலா, எதிலுமே சேராத புதுக் குரலா என்பதை அந்த வடிவம் தீர்மானிக்கும். தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்த படக்குழாயைப் போன்ற ஒரு குழாயிலிருந்து வரும் ஒளிப்புள்ளி, அந்த வடிவத்தை வினாடிக்குப் பல தடவை தடவிப் படிக்கும். பத்துப் படச்சுருள்களோ ஒரே மோட்டாரில் ஒரே வேகத்தில் ஓடும். சிலவற்றில் சிறு கட்டங்களை ஒட்டுவார். அவை எந்தச் சுரம் என்று சொல்லும். இன்னொன்றில் ஒலி எவ்வளவு உரக்க எழ வேண்டும், எப்படித் தணிய வேண்டும் என்று கோடு வரைவார். வேறொன்றில் அசைவு, மற்றொன்றில் எதிரொலி. எல்லாவற்றின் கீழும் ஒளிமின்கலங்கள் காத்திருந்து படிக்கும்.

இதில் அப்படியென்ன பெருமை என்று கேட்கலாம். நம் இசையை அறிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு கீர்த்தனத்தைச் சுரப்படுத்தித் தாளில் எழுதி வைக்கிறோம். அந்தத் தாளைப் பார்த்து மட்டும் ஒருவர் பாடினால் இராகம் வருமா? வராது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே இருக்கும் கமகம், வழுக்கல், குழைவு எதுவும் தாளில் இல்லை. குருவின் வாயிலிருந்துதான் அது வர வேண்டும். மேற்கத்திய இசையின் குறிப்பு முறையிலும் இந்தக் குறை உண்டு. எழுத்தில் அகப்படாத அந்தக் குழைவைக் கோடாக வரைந்துவிட வேண்டும் என்பதே ஓரத்தின் ஆசை. கை நடுங்கினால் கோடு நடுங்கும். கோடு நடுங்கினால் ஒலியும் நடுங்கும். இயந்திரம் மனிதனின் கைத்தடத்தை அழித்துவிடும் என்று பலர் அஞ்சிய காலத்தில், கைத்தடத்தை அப்படியே ஏந்திக்கொள்ளும் ஓர் இயந்திரத்தை அவர் தேடினார். 1972இல் அவர் வெளியிட்ட நூலிலும், மனிதரையே அதிரும் மின்சுற்றுகளுக்கு ஒப்பிட்டு எழுதினார்.

அந்தத் தேடல் தனிமையில் நடந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவரின் மின்னணு இசைக்கருவி கடைக்கு வந்தது. அதைப் பணம் கொடுத்து வாங்கலாம். பியானோ போல விரலால் வாசிக்கலாம். உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஓரமிக்ஸ் ஒன்றே ஒன்றுதான்; அதுவும் ஒரு கிராமத்து வீட்டில் இருந்தது. ஓரம் தளரவில்லை. எண்பதுகளில், அறுபது வயதை நெருங்கியும் கடந்தும், அதே கருத்தைக் கணினியில் செயல்படுத்தப் புதிதாகக் கற்றுக்கொண்டு உழைத்தார். தொண்ணூறுகளில் பக்கவாதம் தாக்கியது. வேலை நின்றது. 2003ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், 77ஆம் வயதில் காலமானார்.

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பார்கள் நம் பெரியவர்கள். வீட்டிலேயே பூத்ததன் அருமை வீட்டாருக்குத் தெரியாது. ஓரத்தின் கதையும் ஏறக்குறைய அதுதான். ஆனாலும் அந்த மணம் எப்படியோ வெளியே வந்தது. எப்படி வந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அவர் எதையும் எறியவில்லை. நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்கள், கடிதங்கள், வரைபடங்கள், குறிப்பேடுகள் எல்லாம் வீட்டில் இருந்தன. இரண்டாவது, அவர் மறைந்த பின் ஹியூ டேவிஸ் என்ற இசைக்கலைஞர் அவற்றைப் பொறுப்பேற்றுக் காத்தார். பிறகு அவை இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்தன. அங்கே மாணவர்களும் ஆய்வாளர்களும் நாடா நாடாவாகக் கேட்டுப் பட்டியலிட்டார்கள். அதன் பிறகே கண்காட்சி வந்தது. கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று வியந்தவர்கள் கண்ணுக்கு அந்தப் பட்டியல் வேலை தெரிந்திருக்காது.

கண்காட்சியோடும் இது முடிந்துவிடவில்லை. எழுபதுகளில் ஓரம் சிறிய அளவில் இன்னொரு கருவிக்குத் திட்டம் வரைந்து, கட்டி முடிக்காமல் விட்டிருந்தார். டாம் ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர் அந்தத் தாள்களைப் படித்து, அவர் காலத்து முறைகளைக்கொண்டே 2016இல் அதைக் கட்டி முடித்தார். அது ஒலித்தது. அவர் கண்ட கனவு வெறும் கனவு அன்று, வேலை செய்யக்கூடிய திட்டம் என்பது அப்போது உறுதியாயிற்று.

நேயர்களே, நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த ஸ்டில் பாயிண்ட் என்ன ஆயிற்று? கையெழுத்துத் தாள்களைக்கொண்டு ஷிவா ஃபெஷரேகி என்ற இசையமைப்பாளரும் ஜேம்ஸ் புல்லி என்ற கலைஞரும் அதற்கு உருக்கொடுக்க முயன்றார்கள். 2016இல் கிடைத்த குறிப்புகளை வைத்து ஒரு முறை இலண்டனில் அரங்கேறியது. முழுமையான இசைக்குறிப்பு பின்னர் கிடைக்கவே, 2018 ஜூலையில் மீண்டும் அரங்கேற்றினார்கள். அரங்கேறிய இடம் எது தெரியுமா? இலண்டன் ஆல்பர்ட் மண்டபம். போர்க்காலத்தில் ஓர் இளம்பெண், கச்சேரி அறுந்துவிடக்கூடாதே என்று இசைத்தட்டைச் சுழலவிட்டுக் காத்திருந்தாளே, அதே மண்டபத்துக் கச்சேரிதான். நடத்தியது யார்? அந்தப் படைப்பை வேண்டாம் என்று சொன்ன அதே பி.பி.சி., தன் ப்ராம்ஸ் இசை விழாவில் நடத்தியது. எழுதி 69 ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடையில் இசைத்தட்டுகள் சுழன்றன. இரண்டு இசைக்குழுக்கள் வாசித்தன. எழுதியவர் மட்டும் கேட்க இல்லை.

காலந்தாழ்ந்த மரியாதை இறந்தவருக்குப் பயன்படாது. இதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் அடுத்து வருபவருக்கு அது பயன்படும். தனக்கு முன்னால் இந்த வழியில் ஒருத்தி நடந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஒரு மாணவிக்கு, வழி சற்று அகலமாகத் தெரியும். ஓரத்தின் பெயரால் 2017இல் விருது ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இசையிலும் ஒலியிலும் புதுமை செய்யும் பெண்களை ஊக்குவிப்பதற்காகத் தொடங்கிய விருது அது.

முடிப்பதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். நம் வீடுகளிலும் அலமாரியின் மூலையில் பழைய ஒலிநாடாக்கள் கிடக்கும். தாத்தா பாடிய தாலாட்டாக இருக்கலாம். கோயில் திருவிழாவில் வாசித்த நாதஸ்வரமாக இருக்கலாம். பள்ளி நாடகமாக இருக்கலாம். எறிவதற்கு முன் ஒருமுறை கேளுங்கள். கேட்டு, மேலட்டையில் மூன்று செய்திகளை எழுதுங்கள். யாருடைய குரல், எந்த ஊர், எந்த ஆண்டு. முடிந்தால் நான்காவதாக இன்னொன்றையும் எழுதுங்கள். அதைப் பதிவு செய்தவர் யார்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஒரு பெயர் உண்டு, நேயர்களே.